ஒரு கொலை, மூன்று சாட்சிகள்: ஆதித்த கரிகாலன் இறந்த இரவை வகுப்பில் படிப்பது எப்படி?



பத்து காவானில் நான் பாடம் நடத்தும் வகுப்பில், சோழர் வரலாறு பற்றி ஓர் இடுபணி கொடுத்திருந்தேன். ஒரு மாணவி அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தாள்: ‘சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனை நந்தினி என்பவள் கடம்பூர் மாளிகையில் குத்திக் கொன்றாள்.’ அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“டீச்சர், நான்தான் படத்துல பார்த்தேனே!” என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், “இல்ல டீச்சர், கரிகாலனே குத்திக்கிட்டான். அவ கையைப் பிடிச்சு அவனேதான்” என்றான். இன்னொருத்தி, “எங்க பாட்டி கதைப் புத்தகம் படிச்சிருக்காங்க. பெரிய பழுவேட்டரையர்னு சொல்றாங்க” என்றாள்.

பத்து நிமிடம் வகுப்பு நீதிமன்றமாகவே மாறிப்போனது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அந்தப் பெயரை ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பத்து நிமிடத்திலிருந்து வந்தது. ஒரே கொலையைப் பற்றி நம்மிடம் மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள்: ஒரு கல், ஒரு நாவல், ஒரு படம். மூன்றும் மூன்று விதமாகப் பேசுகின்றன. எதை யார் சொன்னார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், வரலாற்றுத் தேர்வுக்கும் இலக்கியத் தேர்வுக்கும் வேண்டிய ஒரு முக்கியமான திறன் கைக்கு வந்துவிடும்.

முதலில் பின்னணி

சுந்தர சோழன் எனப்படும் இரண்டாம் பராந்தகனுக்கு மூன்று பிள்ளைகள்: ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். இந்த அருள்மொழிதான் பின்னாளில் முதலாம் ராஜராஜன். மூத்தவன் ஆதித்தன் இளம் வயதிலேயே போர்க்களம் கண்டவன். பாண்டிய மன்னன் வீரபாண்டியனை வென்று, ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற பட்டத்தைப் பெற்றவன்.

இவன் ஏறத்தாழ 969க்கும் 971க்கும் இடைப்பட்ட காலத்தில் கொல்லப்பட்டான். பிறகு அரியணை ஏறியவர் தம்பி அருள்மொழி அல்ல. கண்டராதித்தர், செம்பியன் மாதேவி ஆகியோரின் மகனான உத்தம சோழன்தான் ஏறினார். இவர் சுந்தர சோழனுக்குச் சிற்றப்பன் மகன் முறையல்ல, பெரியப்பன் மகன் முறை. அதனால் அருள்மொழிக்குச் சித்தப்பா ஆகிறார். அவருக்குப் பின் 985இல்தான் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தான்.

நடந்தது இவ்வளவு. இனிச் சாட்சிகளிடம் போவோம்.

முதல் சாட்சி: கல்

தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உண்டு. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் உத்தம சோழனின் ஆட்சியே முடிந்துவிட்டது.

இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பலர் நினைப்பது ஒன்று, அதில் இருப்பது வேறு. கொலை எப்படி நடந்தது என்று அது சொல்லவில்லை. எந்த ஊரில், எந்த மாளிகையில் என்று சொல்லவில்லை. ஏன் கொன்றார்கள் என்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அது ஒரு நிலப் பத்திரம்! கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தையும், அவர்களுடைய உறவினர்களின் நிலத்தையும் பறிமுதல் செய்வது பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அதில் இருக்கிறது. அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறக்கட்டளையாக வைத்த செய்தியும் இருக்கிறது.

அந்த ஆணையில்தான் பெயர்கள் வருகின்றன. சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். மூவரும் உடன்பிறந்தவர்கள்.

பட்டப்பெயர்களைக் கவனியுங்கள், மாணவர்களே. ‘பிரமாதிராஜன்’ என்பது அரசு அதிகாரத்தில் இருந்த பிராமணருக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். ‘பஞ்சவன்’ என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். ‘இருமுடிச்சோழ’ என்பது வெளிப்படையாகவே சோழப் பெயர். ஓர் அண்ணனுக்குப் பாண்டியன் பெயர் கலந்த பட்டம், தம்பிக்குச் சோழன் பெயர் கலந்த பட்டம். அப்படியென்றால் இவர்கள் பாண்டியருக்காகப் பழிவாங்கினார்களா? அல்லது சோழ அரசிலேயே பதவியில் இருந்தவர்களா? ‘பஞ்சவன்’ என்ற சொல்லைச் சோழ அரச குடும்பமும் பெயர்களில் பயன்படுத்தியது. ராஜராஜனின் அரசி ஒருவரின் பெயரே பஞ்சவன் மாதேவி. ஆகவே ஒரு பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்ட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. தண்டனை கொலையாளிகளோடு நிற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள், மனைவி வழி, மாமன் வழி என்று உறவினர்களையும் அது சுற்றி வளைக்கிறது. அந்தக் குடும்பங்களில் கொலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் இருந்திருப்பார்கள் இல்லையா? கல் அதைப் பேசவில்லை. நாவலிலும் படத்திலும் அந்த உறவினர்களுக்கு இடமில்லை. அவர்களைப் பற்றி வரலாற்று மாணவர்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சோழ அரசே வெளியிட்ட இன்னொரு ஆவணம் என்ன சொல்கிறது தெரியுமா? ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் வானுலகைக் காண விரும்பிப் போய்விட்டான் என்ற பொருளில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. கொலை என்ற பேச்சே கிடையாது. பிறகு, மக்கள் வேண்டியும் அருள்மொழி அரியணையை ஏற்கவில்லை என்றும், சிற்றப்பனுக்கு நாடாளும் ஆசை இருந்ததால் விட்டுக்கொடுத்தான் என்றும் கூறுகிறது. அரசவைப் புலவர் எழுதிய புகழுரைக்கும் ஊர்ச்சபைக்கு வந்த நில ஆணைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். ஒன்று மறைப்பதை இன்னொன்று, வேறு ஏதோ வேலைக்காக, வெளியே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் சாட்சி: நாவல்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ‘பொன்னியின் செல்வ’னைக் ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை தொடராக எழுதினார். ஐந்து பாகங்கள். மூன்றாம் பாகத்தின் பெயரே ‘கொலை வாள்’.

கதை எங்கே தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு. அந்த ஏரி இருப்பது உடையார்குடிக் கல்வெட்டு இருக்கும் வட்டாரத்தில்தான். கடம்பூரும் அந்தப் பக்கம்தான். கல் கொலை நடந்த இடத்தைச் சொல்லாமல் விட்டது. கல்கி, கல்வெட்டு கிடைத்த பகுதியிலேயே ஒரு மாளிகையைத் தேர்ந்தெடுத்து அந்த இடைவெளியை நிரப்பினார். ஊர் உண்மை. அந்த ஊரில்தான் கொலை என்பது கற்பனை.

இப்போது அந்த இரவுக் காட்சி. கடம்பூரில் நந்தினியின் அறை. வீரபாண்டியனின் மீன் சின்னம் பொறித்த வாளை அவள் வழிபடுவதுபோல் வைத்திருக்கிறாள். கரிகாலன் வருகிறான். பழைய காதல், பழைய பகை, பிறப்பு ரகசியம் எல்லாம் ஒரே அறையில் கொட்டப்படுகின்றன. அந்த அறையில் இருவர் மட்டும் இல்லை. வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான். கடம்பூர்ச் சம்புவரையரின் மகள் மணிமேகலை இருக்கிறாள். பெரிய பழுவேட்டரையர் மாறுவேடத்தில் வருகிறார். சதிகாரர்கள் பக்கத்தில் காத்திருக்கிறார்கள். விளக்கு அணைகிறது. இருட்டு. அந்த இருட்டில் கரிகாலன் விழுகிறான்.

யார் கொன்றது? கல்கி காட்டவில்லை. கொலைக்குப் பிறகு அவர் செய்வதுதான் இன்னும் சுவாரசியம். பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை, ‘நான்தான் கொன்றேன்’ என்கிறாள். கடைசியில் பெரிய பழுவேட்டரையர், தாம் எறிந்த கத்திதான் என்று ஒப்புக்கொள்கிறார், உயிரையும் விடுகிறார். அந்த ஒப்புதலாவது முழு உண்மையா என்ற சந்தேகம் வாசகரை விட்டுப் போவதில்லை.

ஏன் இப்படி எழுதினார்? இரண்டு காரணங்களை நீங்கள் விடையில் எழுதலாம். முதலாவது, தொடர்கதையின் தேவை. வாரம்தோறும் வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டும். விளக்கு அணைந்த அறை அதற்கு நல்ல கருவி. வாசகருக்கும் வந்தியத்தேவனுக்கும் ஒரே அளவுதான் தெரியும். இரண்டாவது, வரலாற்றின் இடைவெளி. ஆவணம் சொல்லாத ஒன்றைக் கல்கி அடித்துச் சொல்லவில்லை. நந்தினி கற்பனைப் பாத்திரம். ரவிதாசன் கல்வெட்டுப் பாத்திரம். கல்கி ரவிதாசனையும் சோமனையும் சதிகாரர்களாகவே வைத்துக்கொண்டு, அவர்களைச் சுற்றிக் கற்பனை மனிதர்களை நிறுத்தினார். சதி யாருடையது என்பதில் ஐயமில்லை. கடைசி வெட்டு யாருடையது என்பதில்தான் ஐயம்.

மூன்றாம் சாட்சி: படம்

மணிரத்னம் இயக்கிய ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30இலும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28இலும் வெளிவந்தன. ஐந்து பாக நாவல், இரண்டு படங்களாக, மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஜெயமோகன் வசனம் எழுதினார். கரிகாலனாக விக்ரம், நந்தினியாக ஐஸ்வர்யா ராய், வந்தியத்தேவனாகக் கார்த்தி, ரவிதாசனாகக் கிஷோர் நடித்தார்கள்.

படத்தில் என்ன மாறியது என்று பட்டியல் போடுவது எளிது. மணிமேகலையே இல்லை. அவள் இல்லாததால் பொய்யாகப் பழியை ஏற்கும் அந்தக் குரலும் இல்லை. ஆள்மாறாட்டக் கதையும் போய்விட்டது. நாவலில் மதுராந்தகன் என்று வளர்ந்தவன் வேறு ஒருவன், உண்மையான மதுராந்தகன் சேந்தன் அமுதன். படத்தில் அந்தத் திருப்பம் கிடையாது. மதுராந்தகனே உத்தம சோழன் ஆகிறான். இந்த ஓர் இடத்தில் படம் நாவலைவிட வரலாற்றுக்கு நெருக்கமாக வந்துவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் பட்டியலோடு நின்றால் விடைக்குப் பாதி மதிப்பெண்தான். மாற்றத்தின் விளைவு என்ன என்று கேளுங்கள்.

இரண்டாம் பாகம், இளம் வயதில் கரிகாலனும் நந்தினியும் பழகிய நாட்களோடு தொடங்குகிறது. ஆக, பார்வையாளர் கடம்பூர் அறைக்குள் நுழையும்போதே மனத்தில் ஒரு காதல் கதையைச் சுமந்துகொண்டு நுழைகிறார். அங்கே கேமரா இரண்டு முகங்களுக்கு நெருக்கமாக நிற்கிறது. நாவலில் கூட்டமாக இருந்த அறை, படத்தில் இருவருக்கான அறையாகிறது. கரிகாலன் சாவுக்குப் பயப்படாதவன் மட்டுமல்ல, சாவைத் தேடியே வந்தவன்போல் நிற்கிறான். நந்தினியின் கத்திக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவே மூன்றாவது கை ஒன்று இல்லை. அதனால்தான் என் வகுப்பில் ஒருத்தி ‘அவள் குத்தினாள்’ என்றாள், ஒருவன் ‘அவனே குத்திக்கிட்டான்’ என்றான். பழுவேட்டரையர் பெயர் பாட்டி படித்த புத்தகத்திலிருந்துதான் வந்தது.

இது இயக்குநரின் குற்றமா? நான் அப்படி நினைக்கவில்லை. எழுத்து இருட்டைச் சொல்லிவிட்டு நகரலாம். ‘இருண்டது, யாரோ விழுந்தார்’ என்றால் வாசகர் கற்பனையில் பார்த்துக்கொள்வார். திரையில் பல நிமிடம் இருட்டைக் காட்ட முடியாது. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் எதிரெதிரே நிற்கும்போது பார்வையாளர் அந்த முகங்களைத்தான் பார்க்க வந்திருக்கிறார். நாவல் ‘யார்?’ என்று கேட்ட இடத்தில், படம் ‘இவர்கள் மனத்தில் என்ன?’ என்று கேட்கிறது. கேள்வி மாறியதால் காட்சியும் மாறியது. ‘படம் நாவலைக் கெடுத்துவிட்டது’ என்றோ ‘படம்தான் அருமை’ என்றோ எழுதுவதைவிட, இந்தக் கேள்வி மாற்றத்தை விளக்கி எழுதுகிற விடை உயர்நிலைச் சிந்தனையைக் காட்டும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

• கல்: கொன்றவர்களின் பெயர் இருக்கிறது. காரணம் இல்லை, இடம் இல்லை, காட்சி இல்லை.
• நாவல்: காட்சி இருக்கிறது, காரணங்கள் நிறைய இருக்கின்றன. கொன்ற கை மட்டும் இருட்டில் இருக்கிறது.
• படம்: காட்சி இருக்கிறது, முகங்கள் இருக்கின்றன. காரணம் ஏறக்குறைய ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

வேடிக்கையைப் பாருங்கள். உண்மையில் வாழ்ந்தவன் என்று நமக்குத் தெரிந்த ரவிதாசன் மூன்றிலும் வருகிறான். ஆனால் யாருக்கும் அவன் பெயர் நினைவில் நிற்கவில்லை. வாழாத நந்தினிதான் விடைத்தாளில் வந்து உட்காருகிறாள். நல்ல கதையின் பலம் அது. வரலாற்று மாணவருக்கு ஆபத்தும் அதுவே.

ஆதாரம் இல்லாத பழி

‘இதெல்லாம் சின்ன விஷயம்தானே, டீச்சர்?’ என்று நீங்கள் கேட்கலாம். நந்தினி கற்பனைப் பெண், அவள்மேல் பழி போட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அதே பழக்கம் உண்மை மனிதர்மேல் திரும்பும்போது என்ன ஆகும்?

அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, சோழர் வரலாற்றை எழுதிய பெரிய அறிஞர். கொலையால் ஆதாயம் அடைந்தவர் உத்தம சோழன், அவர் ஆட்சி முழுவதும் கொலையாளிகளுக்குத் தண்டனை கிடைத்ததாகத் தெரியவில்லை, ராஜராஜன் வந்த பிறகுதான் ஆணை வருகிறது என்பதையெல்லாம் வைத்து, உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று அவர் ஐயப்பட்டார். ‘பிற்காலச் சோழர் வரலாறு’ எழுதிய சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அந்தக் கல்வெட்டில் உத்தம சோழனைக் குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதே உண்மை.

இருவரும் படித்தது ஒரே கல்லைத்தான். ஒருவர் இடைவெளியைச் சந்தேகத்தால் நிரப்பினார், மற்றவர் நிரப்ப மறுத்தார். நிலம் பறிமுதலான செய்தி இரண்டாம் ஆட்சியாண்டில் கல்லில் ஏறியது என்றால், விசாரணையும் அப்போதுதான் தொடங்கியது என்று பொருளா? அல்லது முன்பே தொடங்கிய நடவடிக்கையின் கடைசிக் கட்டம்தான் நமக்குக் கிடைத்திருக்கிறதா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஆதாயம் அடைந்தவரே குற்றவாளி என்பது துப்பறியும் கதைக்குச் சரி. வரலாற்றில் அது ஒரு கேள்வியின் தொடக்கம் மட்டுமே.

இப்போது சமூக ஊடகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். குந்தவைதான் சூத்திரதாரி, ராஜராஜனே செய்ய வைத்தான் என்றெல்லாம் மூன்று நிமிடக் காணொளிகள் வருகின்றன. கல்வெட்டில் உள்ள பட்டப்பெயரை வைத்து ஒரு சாதியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்களும் உண்டு. பிள்ளைகள் அதைப் பகிர்ந்துவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்தவர் எழுந்து வந்து மறுப்புச் சொல்லப் போவதில்லை. அதனாலேயே நாம் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். மூன்று சகோதரர் செய்ததற்காக உறவினர் நிலத்தையெல்லாம் பறித்த அந்த ஆணையை அநியாயம் என்று நினைக்கிற நாம், அதே வேலையை விடைத்தாளிலும் கைப்பேசியிலும் செய்யலாமா?

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

‘சோழ நாட்டுக் கொலை பினாங்குப் பிள்ளைகளுக்கு எதற்கு?’ என்று கேட்டால், இரண்டு பதில் சொல்வேன்.

ஒன்று, கடாரம். ஆதித்த கரிகாலன் சிறுவனாக இருந்தபோதே வீரபாண்டியனோடு போரிட்டதைச் சொல்லும் ஆவணம் ஒன்று உண்டு. லெய்டன் செப்பேடு என்று அதைச் சொல்வார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் இருந்ததால் அந்தப் பெயர். அந்தச் செப்பேடு எழுதப்பட்ட காரணம் என்ன? கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு, ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகத் தந்ததைப் பதிவு செய்வதற்காக. கடாரம் என்பது நமக்கு வடக்கே இருக்கும் கெடா. ஆக, நம் பக்கத்து மாநிலத்து அரசன் தொடர்பான ஆவணத்தில்தான் கரிகாலனின் வீரமும் பதிவாகியிருக்கிறது! அதே ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் 1025இல் கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். மூத்தவன் கொல்லப்படாமல் இருந்திருந்தால் அரியணை எந்தக் கிளைக்குப் போயிருக்கும்? பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகும்போது பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். விடை யாருக்கும் தெரியாது. ஆனால் காரணமும் விளைவும் எப்படிக் கோக்கப்படுகின்றன என்பது புரியும்.

இரண்டு, கல். பத்து காவானிலிருந்து அதிக தூரமில்லாத புக்கிட் மெர்தாஜாமில், செயின்ட் ஆன்ஸ் தேவாலய வளாகத்தில், செரோக் தோக் குன் கல்வெட்டு இருக்கிறது. பழைய தென்னிந்திய எழுத்தில் வெட்டப்பட்ட, தேய்ந்துபோன சில வரிகள். ஜூலைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பலர் அதைக் கடந்துதான் போகிறார்கள். மாணவர்களை அங்கே ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கல் எவ்வளவு கொஞ்சமாகப் பேசும் என்பதை நேரில் பார்த்த பிள்ளை, உடையார்குடிக் கல்லிடமும் அது சொல்லாததை எதிர்பார்க்காது.

தேர்வில் எழுதும் முறை

என் மாணவியின் வாக்கியத்துக்கே திரும்புவோம். அதை எப்படித் திருத்தினோம் என்று காட்டுகிறேன்.

முதல் எழுத்து: ‘ஆதித்த கரிகாலனை நந்தினி கடம்பூரில் கொன்றாள்.’

வரலாற்று விடையில்: ‘ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களை உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை.’

இலக்கிய விடையில்: ‘கல்கி கொலையாளியை இருட்டில் நிறுத்தி, பலரையும் பழி ஏற்க வைக்கிறார். இதனால் குற்றவுணர்வும் தியாகமும் கதையின் மையமாகின்றன.’

ஒப்பீட்டு விடையில்: ‘நாவலில் பலர் சூழ நடக்கும் கொலை, படத்தில் இருவருக்கிடையிலான துயரமாகச் சுருங்குகிறது. மணிமேகலை நீக்கப்பட்டதும், இளமைக் காதல் முன்னிறுத்தப்பட்டதும் இதற்குத் துணை செய்கின்றன.’

மூன்றிலும் யார் சொன்னார் என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது, பார்த்தீர்களா? ‘கல்வெட்டு குறிப்பிடுகிறது’, ‘கல்கி நிறுத்துகிறார்’, ‘படத்தில் சுருங்குகிறது’. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழை தானாகப் போய்விடும்.

வகுப்பு நடவடிக்கை

வகுப்பை மூன்று குழுவாகப் பிரியுங்கள்: கல், நாவல், படம். ஒவ்வொரு குழுவும் தன் சாட்சி சொன்னதை மட்டும் பேச வேண்டும். வேறு சாட்சியின் செய்தியைக் கலந்தால் மற்ற குழு கையைத் தூக்கலாம். கல் குழுவுக்குப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘டீச்சர், எங்களுக்கு ஒண்ணுமே இல்ல!’ என்று முறையிடுவார்கள். அதுதான் பாடம். ஏன் இல்லை என்று அவர்களையே கேளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. உடையார்குடிக் கல்வெட்டு எந்த நோக்கத்துக்காக வெட்டப்பட்டது? அந்த நோக்கம், அது தரும் தகவலை எப்படிக் கட்டுப்படுத்துகிறது?
2. திருவாலங்காட்டுச் செப்பேடு கொலையைப் பற்றிப் பேசாததற்கு என்ன காரணங்கள் இருக்கலாம்? இரண்டு தருக.
3. கடம்பூர்க் காட்சியில் இருட்டு நாவலாசிரியருக்கு எவ்வாறு உதவுகிறது? அதே உத்தி திரையில் ஏன் கடினம்?
4. மணிமேகலை நீக்கப்பட்டதால் படத்தில் ஏற்பட்ட இழப்பு ஒன்றையும், ஆதாயம் ஒன்றையும் விளக்குக.
5. ‘ஆதாயம் அடைந்தவரே குற்றவாளி.’ உத்தம சோழனை முன்வைத்து இக்கூற்றை ஆராய்க.

கடைசியாக ஒரு செய்தி. அந்த மாணவி இடுபணியைத் திருத்திக் கொண்டுவந்தாள். நந்தினி பெயர் போய், ரவிதாசன் பெயர் வந்திருந்தது. அடியில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘டீச்சர், அவங்க சொந்தக்காரங்க நிலத்தையும் ஏன் எடுத்தாங்க? அவங்க என்ன செஞ்சாங்க?’

இந்த முறை நான் வட்டமிடவில்லை. பக்கத்தில் ஒரு சரி போட்டு, ‘அடுத்த வகுப்பில் பேசுவோம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.